புதுப்பிப்பு: சாயமிட்ட வெல்வெட்டில் டெவோரே பசை எரிக்காத பிரச்சினை தீர்ந்தது

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. டெவோரே என்பது, பசை தடவிச் சூடாக்கி வெல்வெட்டின் ரேயான் மயிரை மட்டும் எரித்து, அடியிலுள்ள பட்டுத் துணியில் வடிவம் எடுக்கும் முறை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் புல்வெளிகளின் கற்சுவர்களை ரேயான்-பட்டு வெல்வெட்டில் கோடுகளாக எரித்தெடுக்க வேண்டும். சாயமிட்ட துணியில் ரேயான் மயிர் உதிரவே இல்லை என்று கேட்டிருந்தேன்.

"சோடா மிச்சம் இருக்கும்" என்றவர் சொன்னதே சரி. ரியாக்டிவ் சாயம் (ரேயான், பருத்தி போன்ற இழைகளுக்கானது) பிடிக்கச் சேர்த்த சோடா ஆஷ் என்ற காரம், பசையில் ரேயானை எரிக்கும் அமில உப்பான சோடியம் பைசல்ஃபேட்டை முறித்துவிடுகிறது. வெந்நீரில் நன்றாக அலசி, கடைசித் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டேன். பசையைப் பின்பக்கம் தடவி, முழுக்கக் காயவைத்து, இஸ்திரிப் பெட்டியைக் கம்பளிக்கான சூட்டில் வைத்து, நீராவி இல்லாமல் இஸ்திரி. வெளிர்பழுப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள்; கருகினால் அடியிலுள்ள பட்டும் பொத்தலாகும். எரிந்த மயிர்த் தூளைச் சுரண்டும்போது முகக்கவசம் கட்டாயம்.

எதிர்பாராதது: துணிக்குப் போட்ட அதே பச்சைச் சாயம், பட்டில் மஞ்சள் சாய்ந்து வெளிறிப் பிடித்திருக்கிறது. சுண்ணாம்புக்கல் சுவருக்கு அது பொருந்திவிட்டதால் பட்டுக்கென்று தனியாக அமிலச் சாயம் தேவைப்படவில்லை.