விண்டோஸ் 10 விஎம் சும்மா இருக்கும்போதே ஹோஸ்டில் 40 சதவீத சிபியு

நூல்கண்டு (கேள்வி)

ஹோஸ்ட் (விஎம், அதாவது மெய்நிகர் கணினி, ஓடும் நிஜக் கணினி) டெபியன் 12 லினக்ஸ், 8 கோர், கேவிஎம் (விஎம்களை ஓட்டும் லினக்ஸ் வசதி) + லிப்விர்ட் (அவற்றை நிர்வகிக்கும் மென்பொருள்). உள்ளே ஒரே ஒரு விண்டோஸ் 10: 4 விசிபியு (மெய்நிகர் சிபியு), 8 ஜிபி ரேம். எதையும் திறக்காமல் விட்டால் டாஸ்க் மேனேஜர் 2, 3 சதவீதம்தான் காட்டுகிறது. அதே நேரம் ஹோஸ்டில் டாப் (ப்ராசஸ்களின் சிபியு பயன்பாட்டைக் காட்டும் கட்டளை) போட்டால் கியூஇஎம்யு (விஎம்மை ஓட்டும் ப்ராசஸ்) 35–45 சதவீதத்தில் நிற்கிறது. அப்டேட், டிஃபெண்டர் ஸ்கேன், இண்டெக்ஸிங் எதுவும் ஓடவில்லை. விஎம் அமைப்புகள் உள்ள எக்ஸ்எம்எல் பழைய விண்டோஸ் 7 விஎம்மிலிருந்து நகலெடுத்தது. விசிபியுவை 8 ஆக்கினால் குறையுமா?

கல்தூண்

8 ஆக்காதீர்கள், கூடத்தான் செய்யும். ஒவ்வொரு விசிபியுவும் தனித்தனியாக விழித்து எழும்.

டாப் காட்டும் 40 என்பது ஒரு கோரில் 40 சதவீதம். 4 விசிபியுவும் முழுதாக ஓடினால் அங்கே 400 வரும். அப்படிப் பார்த்தாலும் சும்மா இருக்கும் விஎம்முக்கு இது அதிகம்தான்.

கெஸ்டுக்குள் (விஎம்முக்குள்) வேலை இல்லை, ஹோஸ்டில் இருக்கிறது என்றால், கெஸ்ட் அடிக்கடி ஹைப்பர்வைசரை (விஎம்மை ஓட்டும் கேவிஎம்மை) தட்டி எழுப்புகிறது என்று அர்த்தம். அந்தச் செலவு டாஸ்க் மேனேஜருக்குத் தெரியாது. ஊகிக்காமல் அளந்து பாருங்கள்: ஹோஸ்டில் ரூட்டாக ‘பெர்ஃப் கேவிஎம் ஸ்டாட் லைவ்’ ஓட்டினால், விசிபியு எதற்காக வெளியே வருகிறது என்ற பட்டியல் வரும். அதில் ஐஓ இன்ஸ்ட்ரக்‌ஷன் (வன்பொருள் போர்ட்டோடு பேசும் கட்டளை) மேலே நின்றால், ஈவென்ட்டை ஐஓபோர்ட் என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள். எந்த போர்ட் எண்கள் முதலில் வருகின்றன என்று சொல்லுங்கள்.

நூல்கண்டு

ஹெக்ஸில் 608 முதலிடம். அடுத்தது 70, 71.

கல்தூண்

காரணம் கிடைத்துவிட்டது. 608 என்பது ஏசிபிஐ பிஎம் டைமர் (மின்மேலாண்மைக் கடிகாரம்). 70, 71 ஆர்டிசி (நாள், நேரம் காக்கும் கடிகாரம்). உங்கள் விண்டோஸ் தன்னை நிஜக் கணினி என்று நம்பி, பழைய கடிகார வன்பொருளிடம் நேரம் கேட்கிறது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் விசிபியு வெளியே வந்து, கியூஇஎம்யு வரை போய், பதில் வாங்கித் திரும்புகிறது. ஹைப்பர்வி (மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசர்) வசதிகளைக் காட்டிவிட்டால் விண்டோஸ் நேரத்தை நினைவகத்திலிருந்தே படித்துக்கொள்ளும்.

‘விர்ஷ் எடிட்’ (எக்ஸ்எம்எல்லைத் திருத்தும் லிப்விர்ட் கட்டளை) போட்டு, ஃபீச்சர்ஸ் பகுதிக்குள் ஹைப்பர்வி தொகுதியைச் சேருங்கள். ரிலாக்ஸ்ட், விஏபிக், ஸ்பின்லாக்ஸ் (ரீட்ரைஸ் 8191), விபிஇண்டெக்ஸ், சின்ஐசி, எஸ்டைமர் ஆறும் ஆன். பிறகு கிளாக் பகுதியில் ஹைப்பர்விகிளாக் டைமர் ‘யெஸ்’, ஹெச்பெட் (இன்னொரு வன்பொருள் கடிகாரம்) ‘நோ’. எஸ்டைமருக்கு சின்ஐசியும் ஹைப்பர்விகிளாக்கும் வேண்டும். சின்ஐசிக்கு விபிஇண்டெக்ஸ் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் விஎம் கிளம்பாமல் பிழை காட்டி நின்றுவிடும்.

பலர் இடறுவது கடைசிப் படியில். விண்டோஸுக்குள் ரீஸ்டார்ட் கொடுத்தால் பழைய கியூஇஎம்யு ப்ராசஸ்தான் தொடரும், மாற்றம் ஏறாது. ஷட்டவுன் செய்து மறுபடி தொடங்குங்கள். அதையும் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே செய்யுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் கர்னல் முழுதாக அணையாமல் வட்டில் சேமிக்கப்பட்டு, அப்படியே திரும்ப எழும்.

வெட்டிவேர்

கல்தூண் சொன்னதைச் செய்த பிறகு யுஎஸ்பியையும் பாருங்க. விண்டோஸ் 7 எக்ஸ்எம்எல்னா யுஹெச்சிஐ/இஹெச்சிஐ (யுஎஸ்பி 1, 2) கன்ட்ரோலர்தான் இருக்கும், அதுல யுஎஸ்பி டேப்லெட் (மவுஸ் இருக்கற இடத்தைச் சொல்ற மெய்நிகர் சாதனம்) தொங்கும். யுஹெச்சிஐ ஃப்ரேம் (சாதனங்களை விசாரிக்கற சுற்று) 1 மில்லிசெகண்டுக்கு ஒண்ணு, அதாவது நொடிக்கு 1000. மவுஸைத் தொடாட்டாலும் அந்த வேலை நடக்கும். கன்ட்ரோலர் மாடலை கியூஇஎம்யு‑எக்ஸ்ஹெச்சிஐன்னு (யுஎஸ்பி 3) மாத்துங்க. அதுக்கான டிரைவர் விண்டோஸ் 10லயே இருக்கு (7ல கிடையாது). ரிமோட் டெஸ்க்டாப்லதான் உள்ளே போறீங்கன்னா டேப்லெட்டையே எடுத்துடலாம். விஎன்சி வழியா விஎம் திரையைப் பாக்கறீங்கன்னா எடுக்காதீங்க, கர்சர் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போகும்.

நூல்கண்டு

ஹைப்பர்வி தொகுதி சேர்த்ததும் 9க்கு இறங்கியது. எக்ஸ்ஹெச்சிஐ மாற்றியபின் 4. ஆனால் பிரவுசரில் ஒரு வீடியோ டேபைத் திறந்து பாஸில் வைத்தால் மறுபடி 15க்கு ஏறுகிறது.

ஊற்றுக்கண்

அது டைமர் ரெசல்யூஷன் (விண்டோஸ் கடிகாரம் எவ்வளவு அடிக்கடி அடிக்கிறது என்பது). விண்டோஸின் வழக்கமான டிக் 15.6 மில்லிசெகண்ட், நொடிக்கு 64. ஏதாவது மென்பொருள் 1 மில்லிசெகண்ட் கேட்டால் நொடிக்கு 1000 ஆகிவிடும். அட்மின் கன்சோலில் ‘பவர்சிஎஃப்ஜி /எனர்ஜி’ ஓட்டுங்கள். 60 நொடி கவனித்து, கேட்ட ப்ராசஸின் பெயரோடு அறிக்கை தரும்.

அந்த 15லும் ஒரு பகுதி உண்மையான வேலை இல்லை. விசிபியு தூங்கப் போனதும் கேவிஎம் உடனே கோரை விடாது. அடுத்த விழிப்பு சீக்கிரம் வரும் என்று 200 மைக்ரோசெகண்ட் வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும். அதுவும் சிபியு கணக்கில் ஏறும். கேவிஎம் மாட்யூலின் ‘ஹால்ட்_போல்_என்எஸ்’ மதிப்பு 200000 என்று இருப்பதை 0 ஆக்கிப் பார்த்தால் எவ்வளவு என்று புரியும். டெஸ்க்டாப் விஎம்முக்கு 0 பரவாயில்லை. டேட்டாபேஸ் மாதிரி சட்டென்று பதில் வேண்டிய கெஸ்டும் அதே ஹோஸ்டில் இருந்தால் 200000லேயே விடுங்கள். அங்கே அந்தக் காத்திருப்புதான் தாமதத்தைக் குறைக்கிறது.

நூல்கண்டு

0 ஆக்கியதும் 15 என்பது 8 ஆனது. பவர்சிஎஃப்ஜி அறிக்கையில் இருந்ததும் பிரவுசர்தான். இந்த ஹோஸ்டில் வேறு கெஸ்ட் இல்லாததால் 0லேயே வைக்கிறேன்.