உடைந்த யன்னலும் ஊரிலிருந்து கொண்டுபோன கண்ணாடி வெட்டியும்

யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் புதிதாகப் போயிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: வாடகை வீட்டின் பின்பக்க யன்னலில் ஒரு கண்ணாடி உடைந்துவிட்டது, அப்பாவின் பழைய கண்ணாடி வெட்டி என்னிடம் இருக்கிறது, நானே மாற்றலாமா? தகப்பனிடம் இந்தத் தொழிலைப் பழகி, லண்டனிலும் இதையே செய்து, இப்போது நல்லூரில் இருப்பவன் என்ற முறையில் எல்லோருக்கும் பொதுவாகவே பதில் எழுதுகிறேன்.

தம்பி, கருவியை எடுப்பதற்கு முன் வீட்டு உரிமையாளருக்கு எழுதிவிடுங்கள். படமும் எடுத்து அனுப்புங்கள். இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறுகிய கால வாடகை வீட்டின் வெளிப்புறப் பழுதுகளைத் திருத்துவது உரிமையாளர் பொறுப்பு. யன்னலும் அதில் அடங்கும். நீங்கள் உடைத்ததாக இருந்தால் செலவு உங்களுடையது. அப்போதும் அனுமதி வாங்கிக்கொண்டே கை வையுங்கள்.

அடுத்ததாக, உடைந்த துண்டுகளைப் பாருங்கள். கத்தி போல நீண்டு கூராக உடைந்திருந்தால் அது சாதாரணக் கண்ணாடி, உங்கள் வெட்டிக்கு ஏற்றது. சின்னச் சின்னக் கட்டிகளாகச் சிதறியிருந்தால் அது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி. அதை எந்தக் கை வெட்டியாலும் வெட்ட முடியாது. அழுத்திக் கீறினால் முழுத் தகடும் பொடியாகிவிடும். கதவுகளிலும் தரையோடு ஒட்டிய யன்னல்களிலும் பாதுகாப்புக் கண்ணாடிதான் இருக்க வேண்டும். அங்கே சாதாரணக் கண்ணாடியை வெட்டிப் போடவே வேண்டாம், குழந்தைகள் ஓடித்திரியும் வீடுகளில் உயிருக்கே ஆபத்து. உடையாத யன்னலைச் சோதிக்க, இரவில் கைத்தொலைபேசி விளக்கைக் கண்ணாடிக்கு முன் பிடியுங்கள். இரண்டு பிம்பம் தெரிந்தால் ஒற்றைத் தகடு, நான்கு தெரிந்தால் இரட்டைத் தகடு. இரட்டைத் தகடு காற்றுப் புகாமல் மூடிச் செய்யப்பட்டது. அகலம், உயரம், தடிப்பு மூன்றையும் அளந்து புதிதாகச் செய்விக்க வேண்டியதுதான்.

ஒற்றைத் தகடு என்றால் அப்பாவின் வெட்டிக்கு வேலை இருக்கிறது. வெட்டியின் நுனியில் சுழலும் எஃகுச் சில்லு பரவுவதற்கு முன் பெரும்பாலும் வைர முனையால் கண்ணாடியைக் கீறினார்கள்; இன்றைக்கும் அந்தச் சின்னச் சில்லை நன்றாக வைத்திருந்தால் புதுக் கருவிக்கு அது குறைந்ததல்ல. நம் ஊர் உப்புக் காற்றில் சில்லு துருப்பிடித்து இறுகியிருக்கும். ஒரு இரவு மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, விரலால் சுழற்றிப் பாருங்கள். லண்டன் கடைகளில் பரஃபின் என்று கேட்டால் மண்ணெண்ணெய் தருவார்கள். கீறும்போது கோடு விட்டுவிட்டு விழுந்தால் சில்லின் விளிம்பு உடைந்திருக்கிறது. புது வெட்டி வாங்குங்கள், விலை அதிகமில்லை.

வெட்டுவதில் உள்ள முழு நுட்பமும் ஒரே ஒரு கீறலில்தான். சில்லு கண்ணாடியை வெட்டுவதில்லை, மேற்பரப்பில் ஒரு மெல்லிய பிளவை மட்டும் தொடங்கிவைக்கிறது. கண்ணாடியைத் துடைத்து, மேசையில் போர்வையை விரித்து அதன்மேல் கிடத்துங்கள். சில்லில் ஒரு துளி மண்ணெண்ணெய். தூர விளிம்பிலிருந்து உங்களை நோக்கி, கையைச் சரிக்காமல், ஒரே அழுத்தத்தில் இழுங்கள். மெல்லிய பட்டுத் துணி கிழிவது போன்ற சீரான சத்தம் வர வேண்டும். கரகரவென்று வெள்ளைத் தூள் பறந்தால் அழுத்தம் கூடிவிட்டது. கோடு சரியில்லை என்று அதே கோட்டில் இரண்டாம் முறை இழுக்கவே கூடாது: சில்லும் கெடும், கண்ணாடியும் கோணலாக உடையும். கீறியவுடன், ஆறவிடாமல், கோட்டின் ஒரு முனைக்குக் கீழே ஒரு பென்சிலை வைத்து இரு பக்கமும் மெதுவாக அழுத்துங்கள். விளிம்பில் மெல்லிய துண்டு மிஞ்சினால் வெட்டியின் பக்கத்தில் இருக்கும் பள்ளங்களில் பொருந்தும் ஒன்றைக் கொளுவி ஒடித்துவிடலாம். தடித்த கையுறையும் கண்ணை மூடிக் காக்கும் வேலைக் கண்ணாடியும் இல்லாமல் தொடங்காதீர்கள். குளிர்காலத்தில் கண்ணாடியைக் கொட்டிலிலிருந்து எடுத்துவந்த உடனே வெட்டாதீர்கள், அறைச் சூட்டில் சில மணி நேரம் வையுங்கள்.

பொருத்துவது ஊர் முறையிலிருந்து கொஞ்சம் வேறு. நம் வீடுகள் பலவற்றில் மரச் சட்டம் வைத்து ஆணி அடிப்போம். அங்கே பழைய மர யன்னல்களில் ஆளிவிதை எண்ணெயும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ந்த புட்டி என்ற பசைதான் கண்ணாடியைப் பிடித்திருக்கும். பழைய புட்டியைச் சுரண்டும்போது பழஞ்சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். தூளை நனைத்துத் துடையுங்கள், சிறுபிள்ளைகளை அருகில் விடாதீர்கள். யன்னல் சட்டத்துக்குள் கண்ணாடி உட்காரும் இடத்தின் அகலத்தையும் உயரத்தையும் இரு முனைகளிலும் அளந்து, குறைந்த அளவிலிருந்து 3 மில்லிமீற்றர் கழியுங்கள். மரத்துக்கு எண்ணெய்ச் சாயம் ஒரு பூச்சு கொடுத்துக் காய்ந்த பிறகுதான் புட்டி. வெறும் மரம் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் புட்டி வெடித்து உதிரும். முதலில் புட்டிப் படுக்கை, அதன்மேல் கண்ணாடி. ஓரங்களை மட்டும் அழுத்துங்கள், நடுவில் அழுத்தினால் உடைந்துவிடும். சின்ன ஆணிகளால் பிடித்துவைத்து, வெளிப்புறத்தில் மழைநீர் வழிய ஏதுவாகச் சாய்வாகப் புட்டி இழுங்கள். தோல் பிடிக்க ஒரு வாரம், குளிரில் அதற்கு மேலும் ஆகும். அதன் பிறகு சாயம், கண்ணாடியின் மேல் 2 மில்லிமீற்றர் ஏறும்படி.

கடையில் அளவு கொடுத்தால் வெட்டித் தருவார்களே, வெட்டி எதற்கு என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். ஒரே ஒரு யன்னலுக்கு என்றால் கடையில் கொடுப்பதுதான் புத்தி. ஆனால் சாமிப் படத்துக்கும் அம்மம்மாவின் படத்துக்கும் சட்டம் போட வேண்டுமே, தங்கச்சி. அதற்கு 2 மில்லிமீற்றர் கண்ணாடி போதும், கை பழகவும் அதைவிட நல்லது இல்லை. பயணத்தின்போது வெட்டியைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். உடைந்த யன்னல் கண்ணாடியைப் போத்தல் தொட்டியில் போடாதீர்கள். அது வேறு வகைக் கண்ணாடி. பத்திரிகைத் தாளில் நன்றாகச் சுற்றி, மேலே எழுதி, உங்கள் நகரசபையின் கழிவு நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.