விறைப்புக் குறைபாடு: முதலில் எந்த டாக்டரைப் பார்ப்பது?
வணக்கம். வயது 54, பல வருடமாகச் சர்க்கரை. கொஞ்ச நாளாக விறைப்பு சரியாக வருவதில்லை. நண்பர் ஒருவர் சில்டெனாஃபில் (வயாகராவில் உள்ள மருந்து) 50 மி.கி. வாங்கிப் போடச் சொல்கிறார். ஆனால் நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க எனக்கு ஐசோசார்பைட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்து, அதனால் தொடவில்லை. லேகியம் சிபாரிசு செய்யாதீர்கள். அதிலும் சில்டெனாஃபிலைச் சொல்லாமல் கலப்பதுண்டு.

ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயத்தினுடையதைவிடக் குறுகல், அடைப்பு இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியுமாம். அப்படியானால் இதய டாக்டரிடம் போவதா, யூராலஜிஸ்டிடமா (சிறுநீர், ஆணுறுப்புப் பிரச்சினைகளைப் பார்ப்பவர்)? வேக்குவம் பம்ப் (உறுப்பில் மாட்டிக் காற்றை உறிஞ்சி விறைப்பை வரவைக்கும் கருவி) பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு அது சரிப்படுமா?

மதுரைப் பக்கம் பொறுமையாகக் கேட்கும் டாக்டர் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கிண்டல் கமெண்ட் வேண்டாம், ப்ளீஸ்.