எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) கேஸை ராஜியா முடிக்கறீங்களா? கையெழுத்துக்கு முன்னாடி இதைப் பாருங்க

பெருந்துறைத் தம்பி, டாலஸ்:
முன்வாசல் பாவக்காய்ப் பந்தலுக்கு எச்.ஓ.ஏ. கேஸ் போட்டிருக்குங்க. பின்பக்கம் மாத்திட்டா வாபஸ் வாங்கிக்கறதா போர்டு தலைவர் போன்ல சொல்றார். சரின்னுட்டாப் போதுங்களா?

காங்கேயத்து அண்ணன், ஆஸ்டின்:
போதாதுங்க தம்பி. ஊர்ல பெரியவங்க முன்னால பேசி முடிச்சா அதோட சரி. டெக்சாஸ்ல கேஸ் நடக்கறப்போ ரூல் 11ன்னு ஒரு கோர்ட் விதி குறுக்க நிக்கும். ராஜி எழுத்துல இருந்து, கையெழுத்தாகி, கேஸ் கட்டுல சேரணும். இல்லாட்டி நீதிபதி முன்னால சொல்லிப் பதிவாகணும். போன் பேச்சை வெச்சு நாளைக்கு ஒண்ணும் கேக்க முடியாதுங்க.

"பந்தலைப் பின்பக்கம் மாற்ற வேண்டும்"னு மொட்டையா எழுத விட்றாதீங்க. வேலியிலிருந்து எத்தனை அடி, உயரம் எத்தனை, இரும்புக் குழாயா மரமா, எந்தத் தேதிக்குள்ள, யார் வந்து பார்க்கறது, எல்லாத்தையும் வரைபடம் போட்டு ராஜிப் பத்திரத்தோட இணையுங்க. அதே வரைபடத்துக்கு, வீட்டு வெளியமைப்பு மாற்றத்துக்கு அனுமதி தர்ற எச்.ஓ.ஏ.வோட ஆர்க்கிடெக்சுரல் கமிட்டிகிட்ட எழுத்து ஒப்புதலும் வேணும். கேஸை முடிக்கறது போர்டு, அனுமதி தர்றது கமிட்டி. அது இல்லாமக் கால் நட்டா புதுசா நோட்டீஸ் வரும்.

பொள்ளாச்சி அக்கா, ஹூஸ்டன்:
கோர்ட்டுக்குப் போற உத்தரவு வரைவுல கேஸ் "வித் ப்ரெஜுடிஸ்"னு தள்ளுபடி ஆகறதா இருக்கான்னு பாருங்க கண்ணு. அப்பத்தான் அதே விஷயத்துக்கு மறுபடி கேஸ் போட முடியாது. "வித்தவுட் ப்ரெஜுடிஸ்"னு இருந்தா கையெழுத்துப் போடாதீங்க.

பணத்துலதான் நிறையப் பேர் ஏமாந்து போறாங்க. அபராதம் தள்ளுபடின்னு எழுதியிருக்கும், எச்.ஓ.ஏ. வக்கீல் பீஸைப் பத்திப் பேச்சே இருக்காது. எச்.ஓ.ஏ. கணக்கைப் பார்க்கற மேனேஜ்மென்ட் கம்பெனி கணக்குல அது பாக்கியாவே நின்னு, மாசா மாசம் தாமதக் கட்டணமும் ஏறும். வீட்டை விக்கறப்போ, பாக்கியைக் காட்டி எச்.ஓ.ஏ. தர்ற ரீசேல் சர்டிபிகேட்ல வந்து நிக்கும். அவங்கவங்க வக்கீல் செலவு அவங்கவங்களுக்குன்னு தனி வரியா எழுதச் சொல்லுங்க. பாக்கி பூஜ்யம்னு காட்டற கணக்குத் தாளையும் கேட்டு வாங்குங்க. வீட்டு மேல லீன் (பாக்கிக்கான உரிமைப் பிடி) போட்டிருந்தா, அதை நீக்கற பத்திரம் கவுன்டி கிளார்க் ஆபீஸ்ல பதிவாகணும். அதை எத்தனை நாளைக்குள்ள செய்யணும்னும் ராஜியிலயே இருக்கட்டும்.

காங்கேயத்து அண்ணன்:
வீடு ரெண்டு பேர் பேர்ல இருந்து, சம்சாரம் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தா அவங்க கையெழுத்தும் வேணுங்க. மின்கையெழுத்து போதுமான்னு முதல்ல எதிர்த்தரப்பு வக்கீல்கிட்டக் கேளுங்க. நோட்டரி வேணும்னா, சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்துல நேரம் வாங்கிட்டுப் போகணும், ஒரு முத்திரைக்கு 50 டாலர். நம்மூர் நோட்டரிகிட்டப் போய், அப்போஸ்டில் (வெளிநாட்டுல செல்லறதுக்கான அரசுச் சான்று) வாங்கற வழியும் இருக்கு. எதை ஏத்துக்குவாங்கன்னு ஈமெயில்ல பதில் வாங்கிட்டு அப்புறம் கிளம்பச் சொல்லுங்க.