என் ஜிமிக்கி போட்டோவை எடுத்து வேற ஒருத்தங்க விக்கிறாங்க, என்ன பண்றது?

களிமண்காரி

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நான் மதுரைல வீட்லயே டெரகோட்டா நகை பண்றேன், அஞ்சு வருஷமாச்சு. மண்ணு மானாமதுரைல இருந்து வருது, அதைச் சலிச்சு பிசைஞ்சு ஒவ்வொரு ஜிமிக்கியா கையில உருட்டி, நிழல்ல அஞ்சாறு நாள் காய வெச்சு, மொட்டை மாடில வறட்டியும் வைக்கோலும் போட்டு சுட்டு, அப்புறம்தான் பெயின்ட். சுடும்போதே பத்துக்கு ரெண்டு விரிசல் விட்டுரும், அந்த நஷ்டமும் நம்மளுதுதான்.

போன வாரம் ஒரு அக்கா இன்ஸ்டால வந்து கிழி கிழின்னு கிழிக்கிறாங்க, காசு வாங்கிட்டு பிளாஸ்டிக்கை அனுப்பிருக்கியே வெக்கமா இல்லையான்னு. எனக்கு தலையும் புரியல வாலும் புரியல, அவங்களுக்கு நான் எதுவுமே அனுப்பலையே. எங்க வாங்குனீங்க ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கக்கான்னு கேட்டா, அனுப்புனாங்க பாருங்க, என் மயில் ஜிமிக்கி! வேற யாரோ ஒரு பேஜ்ல, 149 ரூபாயாம். நான் அதை 480க்கு குடுக்குறேன். பிளாஸ்டிக்கை பார்த்து ஏமாந்துட்டு, போட்டோவைத் தேடிப் பார்த்திருக்காங்க, என் பேஜ் வந்திருக்கு, ரெண்டும் ஒரே ஆளுன்னு நெனச்சுட்டாங்க.

என் போட்டோதான்னு எப்படித் தெரியும்னா, அது எங்க அப்பத்தாவோட அம்மிக்கல்லு மேல வெச்சு எடுத்தது. அம்மி ஓரத்துல பிறை மாதிரி ஒரு சில்லு பேந்திருக்கும். மூலைல சின்னதா என் பேரு போட்டிருந்தேன், அதை மட்டும் வெட்டிட்டு அம்மியை அப்படியே விட்டிருக்காங்க. உக்காந்து எண்ணுனேன், 23 போட்டோ என்னுது. அதுல ரெண்டு எங்கம்மா போட்டுக் காட்டுன போட்டோ, காது மட்டும் தெரியும். அம்மாகிட்ட காட்டுனா "என் காது எப்படிடி அவன் கடைக்குப் போச்சு"ங்குறாங்க, சிரிக்கவா அழவான்னு தெரியல. இது போக ஒரு பெரிய ஷாப்பிங் ஆப்லயும் நாலு போட்டோ ஓடுது, அங்க கடை பேரு வேற.

ஆத்திரத்துல அந்தப் பேஜ்ல போய் இது என் போட்டோன்னு கமென்ட் போட்டேன், ரெண்டே நிமிஷத்துல அழிச்சுட்டு என்னை பிளாக் பண்ணிட்டாங்க. வீட்டுக்காரர் விட்டுத்தொலைங்கிறார். போலீஸுக்குப் போகணுமா, வக்கீல் வெக்கணுமா, இல்ல இனிமே எல்லா போட்டோலயும் நடுவுல பெருசா பேரைப் போட்டுறவா? பட்டவங்க யாராவது சொல்லுங்க.

நூல்கண்டு

நானும் பட்டவதாங்க, கோயமுத்தூர்ல குரோஷே பொம்மை பண்றேன். மொதல்ல ஒன்னு, இனி அங்க போய் சண்டை போடாதீங்க. நான் செஞ்ச தப்பு அதுதான், கோவத்துல ஸ்டோரி போட்டு நம்ம ஆளுகளை எல்லாம் அங்க அனுப்பி விட்டேன், ராத்திரியோட ராத்திரியா அவன் பேஜ் பேரை மாத்தி எல்லாத்தையும் தூக்கிட்டான், பத்து நாள் கழிச்சு வேற பேர்ல அதே பொம்மை. என் கையில ஆதாரம்னு ஒரே ஒரு மங்கலான ஸ்க்ரீன்ஷாட். அதுல லிங்க்கும் இல்ல தேதியும் இல்ல.

அதனால இப்பவே பிளாக் ஆகாத ஒரு போன்ல இருந்து அந்தப் பேஜைத் திறந்து, ஸ்க்ரீன் ரெக்கார்டிங் ஆன் பண்ணிட்டு பொறுமையா மேல இருந்து கீழ வரைக்கும் ஓட்டுங்க, ஒவ்வொரு போஸ்ட்டோட லிங்க்கையும் காப்பி பண்ணி ஒரு ஷீட்ல போடுங்க, பக்கத்து கட்டத்துல உங்க ஒரிஜினல் போஸ்ட்டோட லிங்க். 23க்கும். போரடிக்கும்தான், ஆனா பின்னாடி எல்லாத்துக்கும் இதுதான் கேப்பாங்க.

அப்புறம் அந்த அக்காவைப் பகைச்சுக்காதீங்க, உங்க பெரிய சாட்சியே அவங்கதான். அவங்க காசு அனுப்புனப்ப யுபிஐல ஒரு பேரு வந்திருக்கும், கூரியர் கவர்ல அனுப்புனவங்க அட்ரஸ் இருக்கும். பேஜ்ல எந்த ஊரும் போடாதவன்கூட கவர்ல போட்டுத்தான ஆகணும். கவரைத் தூக்கிப் போட்டுறதுக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

பழைய_குமாஸ்தா

வக்கீல் ஆபீஸ்ல ரொம்ப வருஷம் குப்பை கொட்டுனவன், வக்கீல் இல்ல. தெரிஞ்சதைச் சொல்றேன்.

காப்பிரைட் பதிவு பண்ணலையே அப்போ உரிமை இல்லையோன்னு நெறைய பேர் பயப்படுறாங்க. 1957 காப்பிரைட் சட்டத்துல போட்டோவும் கலைப்படைப்புதான், நீங்க க்ளிக் பண்ண நிமிஷமே உரிமை வந்துருச்சு. பதிவு கட்டாயம் இல்ல, பண்ணுனா கோர்ட்ல பேச வசதி, அவ்வளவுதான். யார் எடுத்ததுன்னு கேள்வி வந்தா உங்க போன்ல இருக்கற ஒரிஜினல் ஃபைல் பேசும், எடுத்த தேதி, எந்த போன் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். வாட்ஸப்ல சாதாரணமா போட்டோவா அனுப்புனா அந்த விவரம் எல்லாம் உதிர்ந்துரும், அனுப்பணும்னா டாக்குமென்ட்டா அனுப்புங்க. அதைவிட நல்ல ஆதாரம் ஒன்னு இருக்கு, அன்னைக்கு அதே அம்மி மேல நீங்க எடுத்து வேணாம்னு விட்ட போட்டோ. கை ஆடுனது, வெளிச்சம் சரியில்லாதது. திருடுனவன்கிட்ட போஸ்ட் பண்ண ஒன்னு மட்டும்தான் இருக்கும், அதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்தது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கும். அழிச்சுறாதீங்க.

இன்ஸ்டால மூனு புள்ளியைத் தட்டி ஸ்பேம்னு ரிப்போர்ட் பண்றதுல பிரயோஜனம் இல்ல. காப்பிரைட்டுக்குன்னு தனி ஃபார்ம் இருக்கு, உரிமைக்காரங்களோ அவங்க அதிகாரம் குடுத்த ஆளோதான் போட முடியும், ஃப்ரெண்ட்ஸ் நூறு பேர் போட்டாலும் செல்லாது. ஒரு எச்சரிக்கை, அதுல குடுக்கற பேரும் மெயிலும் எதிராளிக்குப் போகும், அதனால சொந்த மெயில் குடுக்காம கடைக்குன்னு ஒரு மெயில் வெச்சுக்கோங்க.

ஷாப்பிங் ஆப்புக்கு, அவங்க குறைதீர் அதிகாரி பேரும் மெயிலும் ஆப்லயே போட்டிருக்கணும், 2020 ஈ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல முடிக்கணும். அது போக 2013 காப்பிரைட் விதி 75ன்னு ஒன்னு இருக்கு. எழுத்துல புகார் குடுத்தா 36 மணி நேரத்துல எடுக்கணும், ஆனா நீங்க 21 நாளுக்குள்ள கோர்ட் ஆர்டர் கொண்டு வரலைன்னா அவங்க திரும்பப் போட்டுக்கலாம். அதனால முதல்ல ஆப்போட சொந்த ஃபார்ம், அசையலைன்னா மட்டும் இது.

போலீஸ்: காப்பிரைட் சட்டம் பிரிவு 63, ஆறு மாசத்துல இருந்து மூனு வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். இது போலீஸ் நேரடியா எஃப்ஐஆர் போடக்கூடிய குற்றம்தான்னு 2022ல நிட் ப்ரோ வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. இருந்தாலும் 480 ரூபா ஜிமிக்கிக்கு ஸ்டேஷன்ல எவ்வளவு நேரம் உக்கார வெப்பாங்கன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஏமாந்த அக்கா கேஸ்தான் ஸ்ட்ராங், காசு போயிருக்கு. அவங்க சைபர் மோசடிப் புகாருக்கான 1930 நம்பருக்குக் கூப்பிடட்டும்.

கடைசியா, கசப்பா ஒன்னு. போட்டோ உங்களுது, மயில் ஜிமிக்கிங்கற ஐடியா உங்களுது இல்ல. அவன் அதே மாதிரி செஞ்சு அவனே போட்டோ எடுத்து வித்தா இந்த வழில ஒன்னும் பண்ண முடியாது. டிசைனுக்கு 2000ல வந்த தனிச் சட்டம், அதுலயும் வெளிய காட்டறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணிருக்கணும்.

ஓலைப்பெட்டி

தூத்துக்குடி பக்கம், பனை ஓலைப் பொட்டி முடையுதோம். நடுவுல பேரைப் போடுத ஐடியாவை விட்டுருங்க. நான் ஒரு வருஷம் போட்டேன், பொட்டியே தெரியல, வாங்குதவங்க "பேரில்லாத போட்டோ அனுப்புங்க"ம்பாங்க, நாமளும் அனுப்புவோம், அதான் சுத்தும். இப்ப வேற, பேரை அழிக்க ஆப் வந்துட்டு, விரலால தேச்சா போச்சு.

நான் இப்ப என்ன பண்ணுதேன்னா, பொட்டிக்குள்ளயே எங்க கடை பேரு அச்சடிச்ச துணித் துண்டை மூடி இடுக்குல பாதி வெளிய தெரியுத மாதிரி வெச்சு எடுக்கேன். வெட்டுனா பொட்டியும் சேர்ந்து போவும். உங்களுக்கு அம்மி இருக்குல்லா, அந்தச் சில்லு இருக்கே, அதுதான் உங்க முத்திரை. எல்லா போட்டோவும் அதுலயே எடுங்க, ஜிமிக்கியை அந்தச் சில்லு கிட்டயே வைங்க. நாலு மாசத்துல அம்மியைப் பார்த்தாலே உங்க கடைன்னு சனம் சொல்லும். போட்டோவை மட்டும் பெரிய சைஸ்ல ஏத்தாதீங்க.

பேர்_வேணாம்

திட்டாதீங்க, நான் அந்தப் பக்கத்துல இருந்தவ. ரெண்டு வருஷம் முன்னாடி ரீசெல்லிங் பண்ணேன். மொத்த வியாபாரின்னு ஒருத்தர் வாட்ஸப் குரூப்ல தினமும் முப்பது நாப்பது போட்டோ போடுவார், நாங்க அதை எடுத்து எங்க பேஜ்ல போட்டு மேல அம்பது ரூபா வெச்சு விப்போம், ஆர்டர் வந்தா அவரே நேரா பார்சல் அனுப்பிருவார். பொருளை நாங்க கண்ணால பார்த்ததே கிடையாது. போட்டோ யாரோடதுன்னு கேக்கணும்னே தோணல. ஒரு நாள் ஒரு பொண்ணு தன்மையா மெசேஜ் பண்ணுச்சு, "அக்கா இது நான் செஞ்ச வளையல், நான் செய்யும்போது எடுத்த வீடியோ இது பாருங்க"ன்னு. எனக்கு உடம்பே கூசிருச்சு, அன்னைக்கே எடுத்துட்டேன், அந்த குரூப் பேரையும் குடுத்துட்டேன்.

எதுக்கு சொல்றேன்னா நீங்க பார்க்கற பேஜ் ஒருவேளை திருடனா இல்லாம என்னை மாதிரி ஒரு முட்டாளா இருக்கலாம். உங்களை பிளாக் பண்ணதால சந்தேகமாத்தான் இருக்கு, ஆனாலும் வேற நம்பர்ல இருந்து ஒருதடவை அமைதியா கேட்டுப் பாருங்க, போட்டோ எங்கிருந்து வந்துச்சுன்னு. வேரு எங்க இருக்குன்னு தெரியும்.

களிமண்காரி

எல்லாருக்கும் நன்றி, முக்கியமா பேர் வேணாம் அக்காவுக்கு, இதைச் சொல்ல மனசு வேணும். ரெக்கார்டிங் எடுத்துட்டேன், ஷீட் பாதி முடிஞ்சுது. ஒரு சந்தேகம். 23ல ஆறு போட்டோ நான் எடுக்கல. நாலு, ஒரு ஸ்டுடியோ தம்பிக்கு 1,500 ரூபா குடுத்து எடுத்தது. ரெண்டு, என் ஃப்ரெண்ட் சும்மா எடுத்துக் குடுத்தா, அந்தக் காது போட்டோதான். அதுக்கும் நானே புகார் போடலாமா?

பழைய_குமாஸ்தா

நல்லவேளை கேட்டீங்க. காசு குடுத்து உங்களுக்காக எடுக்கச் சொன்ன போட்டோ, வேற மாதிரி பேசிக்கலைன்னா காப்பிரைட் சட்டம் பிரிவு 17படி உங்களுது, ஸ்டுடியோ பில்லை எடுத்து வைங்க. ஃப்ரெண்ட் சும்மா எடுத்தது அவங்களுது. காது உங்கம்மாவோடதா இருக்கலாம், போட்டோ ஃப்ரெண்டோடது. ஒன்னு அவங்களே புகார் போடணும், இல்ல அவங்க சார்பா போட உங்களுக்கு அதிகாரம் குடுக்கணும், இல்ல உரிமையை உங்களுக்கு மாத்தித் தர்றேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். உரிமையை மாத்தறதுக்கு வாய்வார்த்தை செல்லாது. பொய்யா "நான்தான் எடுத்தேன்"னு மட்டும் போட்டுறாதீங்க, எதிராளி மறுப்பு குடுத்தா அங்கதான் மாட்டுவீங்க.

சும்மா_ஒருத்தன்

இதெல்லாம் தண்ணியில எழுதுன எழுத்து. ஒன்னை எடுத்தா நாலு முளைக்கும். அந்த நேரத்துல பத்து ஜிமிக்கி செஞ்சிருக்கலாம்.

நூல்கண்டு

@சும்மா_ஒருத்தன் பத்து ஜிமிக்கி செஞ்சு யாருக்கு விக்க, இவங்க பேஜ்னு நெனச்சு பிளாஸ்டிக் வாங்குனவங்களுக்கா? நாலு முளைக்கட்டும், ஷீட்டும் லிங்க்கும் கையில இருந்தா ரெண்டாவது தடவை கால் மணி நேர வேலைங்க.

களிமண்காரி

பன்னெண்டு நாள் கழிச்சு வர்றேன். இன்ஸ்டால ஃபார்ம் போட்டேன், நான் எடுத்த 17ம் ஸ்டுடியோ தம்பியோட 4ம் மூனாவது நாள் எடுத்துட்டாங்க. அம்மா காது இன்னும் அங்கதான் தொங்குது, ஃப்ரெண்ட் துபாய்ல இருக்கா, இந்த வார லீவுல ஃபார்ம் போடறேன்னிருக்கா. ஷாப்பிங் ஆப்ல புகார் கிடைச்சுதுன்னு மட்டும் மெயில் வந்துச்சு, அதுக்கு அப்புறம் சத்தத்தைக் காணோம், ஒரு மாசம் ஆகட்டும்னு காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்கேன். வீட்டுக்காரர் போன்ல இருந்து அந்தப் பேஜ்கிட்ட கேட்டதுக்கு அவங்களும் ஒரு குரூப் பேரைத்தான் சொல்றாங்க, உண்மையோ பொய்யோ.

அந்த அக்கா 1930க்கு பேசிப் புகார் பதிவு பண்ணிட்டாங்க. கூரியர் கவர் குப்பைக்குப் போயிருச்சாம், யுபிஐ பேரு மட்டும் இருக்கு. நேத்து திரும்ப மெசேஜ், திட்டத்தான் போறாங்கன்னு பயந்துகிட்டே திறந்தேன். அந்த மயில் ஜிமிக்கி நெசமாவே உங்ககிட்ட இருக்கா, இருந்தா நீல கலர்ல ஒன்னு, அம்மி மேல வெச்சு போட்டோ எடுத்து அனுப்புன்னு கேக்குறாங்க. மண்ணு ஊற வெச்சிருக்கேன்.