தம்பி மிஷன்ல இருக்கான், அவன் இல்லாத மொத கிறிஸ்மஸ். அம்மாவ எப்டி சமாளிக்கறது?

காட்பாடி_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, மார்மன்னு சொன்னா தான் நெறைய பேருக்கு புரியும். தாத்தா காலத்துல இருந்து சிஎஸ்ஐ தான், அப்பா பெங்களூர்ல வேலை செய்யும்போது இதுல சேந்தாரு. தம்பிக்கு 19 வயசு, மிஷன்னா சபை ஊழியம், பிலிப்பைன்ஸ்ல போட்டாங்க, ஜூலைல போனான், ரெண்டு வருஷம் முடியாம வரமாட்டான். டிசம்பர் பொறந்ததுல இருந்து அம்மா சரியாவே இல்ல. அதிரசத்துக்கு மாவு இடிக்கலாமான்னா யாரு துன்றதுக்குங்குது. சொந்தக்காரங்க வேற, கிறிஸ்மஸுக்கு கூட லீவு தரமாட்டாங்களா, இன்னா சபை இதுன்னு கேட்டு கேட்டு ஏத்தி விட்டுட்டு போறாங்க. வாரா வாரம் பி-டேல, அதான் துணி தொவைக்க, வீட்டுக்கு பேசன்னு விடற நாள்ல, வீடியோ கால் பண்றான், அம்மா "சாப்டியாடா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அழ ஆரம்பிச்சிடுது, அப்பால அவன் மூஞ்சியும் தொங்கிடுது. பண்டிகை அன்னிக்கு அங்க இன்னா தான் பண்ணுவாங்க, ரூம்லயே ஒக்காந்திருப்பாங்களா? பார்சல் அனுப்பலாமா? போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

ராணிப்பேட்டைக்காரன்:
அக்கா நானும் பிலிப்பைன்ஸ் தான், முடிச்சிட்டு வந்து ரொம்ப வருஷமாச்சு. தனியா கெடக்கறானோன்ற பயத்த மொதல்ல அம்மாவ விடச்சொல்லுங்க, கூடவே இருக்கற ஜோடி மிஷனரி, கம்பானியன்னு சொல்லுவோம், அவன் இல்லாம தெருமுனை கடைக்கு கூட போவ முடியாது. அப்பறம் அந்த ஊர்ல கிறிஸ்மஸ் செப்டம்பர்லயே ஆரம்பிச்சிடும், நம்ம ஊர்ல புள்ளையார் கரைக்கறதுக்குள்ள அங்க மால்ல கேரல்ஸ் ஓடும். மூங்கில் குச்சில காயிதம் ஒட்டி ஸ்டார் கட்டுவாங்க, பரோல்னு பேரு. 16ந்தேதில இருந்து 24 வரைக்கும் விடியக்காத்தால பூசை இருக்கும், அது கத்தோலிக்கங்களுது, ஆனா கோயில் வாசல்ல பிபிங்கா சுடுவாங்க பாருங்க, மண்சட்டில வாழஇலைய போட்டு அரிசி மாவும் தேங்காப்பாலும் ஊத்தி கீழயும் கரி மேலயும் கரி, நம்ம ஆப்பத்துக்கு தூரத்து சொந்தம்னு வெச்சிக்கோங்க. அவங்க பிபிங்காவோட காபியும் குடுப்பாங்க, நம்ம சபைல காபி குடிக்கக்கூடாது, அது மட்டும் வேணாம்னு சொல்லணும், மொத வாரம் கூச்சமா இருக்கும், அப்பால அவங்களே நமக்குன்னு பால் எடுத்து வெச்சிடுவாங்க.

கஷ்டம்னா அது 24 ராத்திரி தான். அங்க எல்லா வீட்லயும் 12 மணிக்கு குடும்பமா ஒக்காந்து சாப்பிடுவாங்க, நாங்க 9, 9:30க்குள்ள ரூமுக்கு வந்து 10:30க்கு படுத்துடணும். படுத்துகினு பக்கத்து வீட்டு கரோக்கேவ கேட்டுகினு இருப்போம், அந்த நேரத்துல தான் ஊர் நெனப்பு வரும், பகல்ல வராது, பகல்ல சபை ஆளுங்க வீடு வீடா இழுத்துகினு போயி சோறு போட்டே கொன்னுடுவாங்க. புது வருஷத்துக்கு அவங்க வெடிக்கற வெடி நம்ம தீபாவளிய தோக்கடிச்சிடும், எங்கள அன்னிக்கு சாயங்காலமே உள்ள போவ சொல்லிடுவாங்க.

கால் விஷயம். எங்க காலத்துல வருஷத்துக்கு ரெண்டே தடவ தான், கிறிஸ்மஸுக்கு ஒண்ணு அன்னையர் தினத்துக்கு ஒண்ணு. 2019 பிப்ரவரில தான் வாரா வாரம் பேசலாம்னு மாத்தினாங்க. எங்கம்மா அந்த கிறிஸ்மஸ் கால்ல அழுவல. போன தூக்கிகினு நேரா அடுப்பாண்ட போயி தம் போட்ட தேக்சாவ தொறந்து காட்டிச்சு, அப்பால எங்க சித்தப்பா எலும்பு நெறைய போட்டுட்டான்னு கறிக்கடைக்காரன்கிட்ட போட்ட சண்டைய ஒண்ணு விடாம சொல்லிச்சு, நான் சிரிச்ச சிரிப்புல கம்பானியனுக்கு இன்னான்னே புரியல. நீ இல்லாம வீடே வெறிச்சோடி கீதுன்னு சொன்னா அந்த ராத்திரி அவன் தூங்கமாட்டான் அக்கா. வீட்டு நியூஸ் குடுங்க, சண்ட சச்சரவு உட்பட.

சத்துவாச்சாரி_மம்மி:
நான் சிஎஸ்ஐ. உங்க உபதேசத்துல எனக்கு ஒத்துக்காதது நெறைய இருக்கும்மா, அத இங்க பேசல. ஆனா லீவு கூட இல்லையான்னு கேக்கற சொந்தக்காரங்க வேலூர்ல ஒக்காந்துகினா இத கேக்கறாங்க? அமெரிக்கா மிஷனரிங்க ஸ்கடர் குடும்பம் இங்க வந்து 1853ல ஆற்காடு மிஷன் ஆரம்பிச்சப்ப நம்ம ஊரு தான் அவங்களுக்கு கண்காணாத சீமை. ஐடா ஸ்கடர் அம்மா 1870ல ராணிப்பேட்டைல பொறந்தவங்க, அவங்க சின்ன பொண்ணா இருக்கும்போதே அமெரிக்கால விட்டுட்டு அப்பா அம்மா இங்க ஊழியத்துக்கு வந்துட்டாங்க. அந்த காலத்துல போன் ஏது, கப்பல்ல வர கடுதாசி தான். அந்த பொண்ணு மிஷனரியாவே ஆவமாட்டேன்னு தான் இருந்துச்சு, அப்பறம் மனசு மாறி வந்து 1900ல ஆரம்பிச்சது தான் நம்ம சிஎம்சி ஆஸ்பத்திரி. இத உங்க சொந்தக்காரங்களுக்கு எடுத்து சொல்லுங்க. இன்னொண்ணு, உங்க சபைல 25 ஞாயித்துக்கிழமைல வரலன்னா பெரும்பாலும் ஆராதனை இருக்காதாமே, உங்கம்மாவுக்கு விடியக்காத்தால ஆராதனைக்கு போயே பழக்கம், எங்க கூட அனுப்புங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்.

குடியாத்தம்_குமாரு:
தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா தெரிஞ்சிக்க கேக்கறேன், மாசம் சம்பளம் எவ்ளோ வரும்?

ராணிப்பேட்டைக்காரன்:
சம்பளமா? நாம தான் தலைவரே கட்டணும். அமெரிக்கா பசங்க 2020ல இருந்து மாசம் 500 டாலர் கட்றாங்க, நம்மள மாதிரி நாட்டுல வசதிக்கு ஏத்தா மாதிரி கட்டுவோம், மீதிய சபை பாத்துக்கும்.
அக்கா பார்சல கேட்டீங்களே, அவன் ரூமுக்கு அனுப்பாதீங்க, ஆறு வாரத்துக்கு ஒரு தடவ டிரான்ஸ்பர் வரும், ஆள மாத்திடுவாங்க. மிஷன் ஆபீஸ் அட்ரஸுக்கு போடுங்க. கறி ஐட்டம் வேணாம், எண்ணெய் ஊறுகா வேணாம், முறுக்கு தாங்கும், அதிரசம் தாங்கும். லேட்டா போனாலும் பரவால்ல, ஜனவரில பிரிச்சா இன்னும் ருசியா இருக்கும்.

காட்பாடி_அக்கா:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். மம்மி, அம்மாகிட்ட சொன்னேன், வரேன்னுச்சு, எத்தன மணிக்கு கெளம்பணும்னு சொல்லுங்க. பெரியம்மா நேத்தே அவனுக்குன்னு காபிப் பொடி அரைச்சு குடுத்துட்டு போயிட்டாங்க, அதை அவங்களுக்கு தெரியாம எடுத்து வெச்சிட்டேன். அங்க நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, இங்க ஒரு மணிக்கு தேக்சா எறங்கும்போது அவனுக்கு மூணரை, அந்த நேரத்துக்கு கால் பண்ண முடியுமான்னு கேக்கணும், கறிக்கடை சண்டைக்கு எங்க மாமா இருக்காரு, கவலையில்ல. அண்ணா, போஸ்ட் ஆபீஸ் பாரத்துல முறுக்குன்னா இன்னான்னு எழுதறது?

ராணிப்பேட்டைக்காரன்:
ஸ்நாக்ஸ்னு எழுதிட்டு எடைய சரியா போடுங்க போதும். கம்பானியனுக்கும் சேத்து வைங்க, இல்லாட்டி உங்க தம்பிக்கு பாதி கூட மிஞ்சாது.