புதுப்பிப்பு: ஸ்கேன் நார்மல், வலி மட்டும் நார்மல் இல்லை
முன்பு எழுதியது நினைவிருக்கலாம்: மாதவிடாய் வந்தால் எழுந்து நிற்கவே முடியாத வலி, ஸ்கேனில் ஒன்றுமில்லை, "எல்லாருக்கும் வருவதுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். சரி, வேறு மருத்துவரிடம் போனேன். எந்தத் தேதியில், எங்கே வலி, மலம் கழிக்கும்போது குத்துகிறதா என்று மூன்று மாதமாகக் குறித்து வைத்திருந்த நோட்டை நீட்டினேன், பக்கம் பக்கமாகப் படித்தார் (இதற்கே அழுகை வந்தது). சாதாரண ஸ்கேன் சரியாக இருந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) இருக்கலாம் என்று எம்ஆர்ஐ எழுதினார். எடுத்துப் பார்த்ததில் அதுதான்: அந்தத் திசு கர்ப்பப்பைக்குப் பின்னால் குடலோடு ஒட்டியிருக்கிறது. லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) இப்போதைக்கு இல்லை, டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை 2 மி.கி., தினமும் ஒன்று, இடைவெளி விடாமல். ஆறு வாரத்தில் வலி பாதியாகிவிட்டது, ஆனால் சொட்டுச் சொட்டாக ரத்தக்கசிவு, எரிச்சலாக இருக்கிறது. ஆரம்பத்தில் அப்படித்தானாம். அறுவை சிகிச்சை பற்றி அப்புறம் பேசலாம் என்றிருக்கிறார்.